டெல்லி யூனிவர்சிட்டின்னா எந்த கேட்டு?

கேள்வி: பொண்ணு பிளஸ் டூ. ஹிஸ்டரி படிக்கணும், அதுவும் டெல்லி யூனிவர்சிட்டியிலதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவ அப்பாவுக்கு இடத்தை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வரணுமாம். எங்க போய் இறங்கணும்?
(கரூரிலிருந்து ஒரு அம்மா)

பதில்: சிக்கலே அங்கதாங்க. ஒரே காம்பவுண்டு சுவர், ஒரே கேட்டுன்னு அதுக்கு கிடையாது. கிட்டத்தட்ட 90 காலேஜ், டெல்லி முழுக்க சிதறிக் கிடக்கு. 1922ல ஆரம்பிச்சப்ப மூணே மூணுதான், செயின்ட் ஸ்டீஃபன்ஸ், ஹிந்து, ராம்ஜஸ், மூணுமே யூனிவர்சிட்டியை விட வயசுல மூத்தது. அதனாலயோ என்னவோ அங்க படிக்கிற பசங்க யூனிவர்சிட்டி பேரைச் சொல்றதை விட காலேஜ் பேரைத்தான் சொல்லுவாங்க, ஒரு பையன் "நான் ஹிந்து"ன்னா மதத்தைச் சொல்றான்னு நினைச்சுடாதீங்க.

சார் டெல்லி போனா மெட்ரோ யெல்லோ லைன்ல விஸ்வவித்யாலயா ஸ்டேஷன்ல இறங்கட்டும். வெளிய வந்தா ஈ-ரிக்‌ஷாக்காரங்க ஆள் சேர்த்துக்கிட்டு நிப்பாங்க, அதுல ஏறினா நார்த் கேம்பஸ். மேல சொன்ன மூணு காலேஜ், மிராண்டா ஹவுஸ் காலேஜ், எஸ்.ஆர்.சி.சி.ங்கிற ஸ்ரீராம் காமர்ஸ் காலேஜ் எல்லாம் நடந்தே பார்த்துடலாம். வைஸ் சான்சலர் ஆபீஸ் இருக்கிற வெள்ளைக் கட்டடம் ஒரு காலத்துல வைஸ்ராய் குடியிருந்த பங்களா, ஹிஸ்டரி படிக்கப் போற பொண்ணுக்கு அதை ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

ஆனா இதையெல்லாம் பார்த்துட்டு வந்து, பொண்ணுக்கு லேடி ஸ்ரீராம் காலேஜ் கிடைச்சுதுன்னு வைங்க, நல்ல காலேஜ்தான், ஆனா அது லாஜ்பத் நகர்கிட்ட, தெற்கு டெல்லியில, சார் பார்த்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால சாய்ஸ் லிஸ்ட் போடும்போதே காலேஜ் எந்த ஏரியா, ஹாஸ்டல் உண்டான்னு பார்த்துப் போடுங்க. எல்லா காலேஜ்லயும் ஹாஸ்டல் கிடையாது, இருக்கிற இடத்துலயும் சீட் கம்மி, பி.ஜி.ங்கிற பேயிங் கெஸ்ட் ரூம் வாடகையையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

கேள்வி: 100 மார்க் வாங்கினாத்தான் சீட்டாமே, நிஜமா?
(ஒரு பிளஸ் டூ மாணவர், தேனி)

பதில்: அது பழைய கதை தம்பி. 2021 வரைக்கும் கட்-ஆஃப்தான், அந்த வருஷம் சில காலேஜ்ல சில கோர்ஸுக்கு நிஜமாவே 100 சதவீதம் போட்டாங்க, அதுக்கு மேல எங்க போறது! 2022லேர்ந்து க்யூட் (CUET) எக்ஸாம், சென்ட்ரல் யூனிவர்சிட்டிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கணும், சீட் என்னவோ க்யூட் ஸ்கோர்லதான். தமிழ்லயே எழுதலாம். ஆனா பிளஸ் டூல படிச்ச சப்ஜெக்ட்டைத்தான் க்யூட்லயும் எடுக்கணும், நிறைய பேர் சறுக்குறது இங்கதான். அப்ளை பண்றதுக்கு முன்னாடி கோர்ஸுக்கு எந்தெந்த சப்ஜெக்ட் கேக்குறாங்கன்னு அவங்க புல்லட்டின்ல பார்த்துடு.

கேள்வி: டெல்லி யூனிவர்சிட்டியும் ஜே.என்.யூ.வும் (ஜவஹர்லால் நேரு யூனிவர்சிட்டி) ஒண்ணுதானே?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லைங்க. அது 1969ல வந்த தனி யூனிவர்சிட்டி, ஊரோட வேற மூலை. ரெண்டும் சென்ட்ரல் கவர்ன்மென்ட்டோடது, அவ்வளவுதான்.

கேள்வி: ஃபீஸ் கம்மின்னாலும் இங்கிலீஷ் புக்கு வாங்கவே சொத்தை விக்கணும்னு பயமுறுத்துறாங்க சார்.
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: விக்க வேண்டாம், ஜெராக்ஸ் கடைங்க இருக்கு. வாத்தியார் கொடுக்கிற லிஸ்ட்படி பல புக்குலேர்ந்து தேவையான பக்கங்களை மட்டும் எடுத்து ஒண்ணா பைண்ட் பண்ணித் தருவாங்க, கோர்ஸ் பேக்னு பேரு. அந்த யூனிவர்சிட்டியோட டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல இருந்த ராமேஸ்வரிங்கிற சின்னக் கடை மேல 2012ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்ப்ரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ்னு மூணு பெரிய பப்ளிஷருங்க சேர்ந்து கேஸ் போட்டாங்க, யூனிவர்சிட்டியையும் இழுத்தாங்க. பசங்களும் வாத்தியாருங்களும் கடைக்காரர் பக்கம் நின்னாங்க. 2016 செப்டம்பர்ல டெல்லி ஹைகோர்ட் கேஸைத் தள்ளுபடி பண்ணுச்சு, பாடத்துக்காக எடுக்கிற காப்பி தப்பில்லைன்னு. பப்ளிஷருங்க அப்பீல் போனாங்க, அப்புறம் 2017ல கேஸையே அவங்களா வாபஸ் வாங்கிட்டாங்க. புள்ளை போனதும் சீனியர்கிட்ட கோர்ஸ் பேக் எங்க கிடைக்கும்னு கேட்டுக்கட்டும், போன வருஷத்து பேக்கை ஓசியில தர்ற அண்ணன் அக்காவும் கிடைப்பாங்க.