வீட்டு வண்டியில் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது, புதிது வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது: டிராவலர் வண்டியைப் படுக்கை, அடுப்போடு வீடு மாதிரி மாற்றியிருக்கிறீர்கள். 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர். பாபநாசம், குற்றாலம் சுற்றிவிட்டுப் பாளையங்கோட்டை திரும்பியதிலிருந்து ஃபேன் ஓடுகிறது, மிக்ஸியைப் போட்டால் மட்டும் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஃபேனை ஓட்டுகிற இன்வெர்ட்டர் செத்துப்போகவில்லை. அந்தக் கீச்சு, தனக்கு வோல்ட் வந்து சேரவில்லை என்கிற முறையீடு. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 11 வோல்ட் பக்கம் கத்தத் தொடங்கி, 10.5 பக்கம் நின்றுவிடும். ஆகவே இன்வெர்ட்டரைக் கழற்றுவதற்கு முன்னால், வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

1000 வாட் எடுக்கும்போது 12 வோல்ட் பக்கத்தில் சுமார் 90 ஆம்பியர் ஓடும். வழியில் ஒரு லக் (வயர் முனையில் அழுத்திய உலோக வளையம்) தளர்ந்து 0.01 ஓம் தடை உண்டானாலே 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த ஒரு இடத்தில் 81 வாட் சூடு. ஃபேனுக்கு 6, 7 ஆம்பியர்தான் என்பதால் அதே தளர்ச்சி அதற்குத் தெரியவே தெரியாது. மலைரோட்டுக் குலுக்கலுக்குப் பிறகு இந்தக் கோளாறு வருவதில் ஆச்சரியம் இல்லை.

சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் 750 வாட் சாதா அயர்ன் பாக்ஸும் போதும். மிக்ஸி வேண்டாம், மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கூடுதல் கரண்ட் கணக்கைக் குழப்பும். எஞ்சினையும் சோலாரையும் நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்துப் பேட்டரியை அளங்கள். 12.5 பக்கம் அல்லது மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. காலியாக இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து ஒருவர் அயர்ன் பாக்ஸைப் போட வேண்டும், இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் கட்டையிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. கறுப்பு முனை இன்வெர்ட்டரின் பிளஸ் டெர்மினலில். மீட்டர் காட்டுவதுதான் அந்த வழியில் தொலைகிற வோல்ட். 0.2க்குள் இருந்தால் நல்லது, 0.5 தாண்டினால் ஆள் அகப்பட்டான். மைனஸ் பக்கமும் இதே போல. பிறகு ப்யூஸின் இரு முனை, ஸ்விட்ச்சின் இரு முனை, ஒவ்வொரு லக் என்று நகர்ந்தால் இடம் தெரிந்துவிடும். கையை வைத்துப் பார்த்தால் சூடும் சொல்லும்.

மைனஸ் வயரைப் பேட்டரிக்குக் கொண்டுவராமல் வண்டி பாடியில் போல்ட் போட்டு விட்டிருப்பார்கள், அதை முதலில் சந்தேகப்படுங்கள். பெயிண்டுக்கு மேல் போட்ட போல்ட் ஆறு மாதம் தாங்கினாலே பெரிது.

சரிசெய்ய: மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸ் கடைசி. வெள்ளை, பச்சைப் பூப்பை வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவுங்கள். கரைசல் செல் மூடிக்குள் போகக் கூடாது. லக்கைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினது போதாது; கடையில் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி வாங்குங்கள். 1000 வாட்டுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஒருவழி நீளம் ஒன்றரை மீட்டருக்குள். அதற்கு மேல் நீளம் என்றால் 35. பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே 125 ஆம்பியர் ப்யூஸ். ப்யூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை மட்டும் வேண்டாம், அதற்கு வண்டியைக் கொளுத்தியே விடலாம்.

வயரில் இழப்பே இல்லை, பேட்டரி கட்டையிலேயே வோல்ட் 11க்கு விழுகிறது என்றால் பேட்டரிதான். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பாருங்கள். முழு சார்ஜில் டியூபுலர் 1.240 பக்கம் காட்டும். ஐந்து செல் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் 0.050 குறைந்தால் அந்த செல் போச்சு. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது, அதிலிருக்கிற உப்பு பிளேட்டைக் கெடுக்கும்.

வயரிலும் பேட்டரியிலும் குறை இல்லாமல் இருந்து, அயர்ன் பாக்ஸ் ஓடி, மிக்ஸிக்கு மட்டும் நிற்கிறதா? மிக்ஸி கிளம்புகிற இழுப்பை இன்வெர்ட்டர் தாங்கவில்லை. ஜாரில் பாதி மாவோடு போட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் தானே உயிர்பெறுகிறது என்றால் சூடு. சீட்டுக்கடியில் மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கத்திரி வெயிலில் நிறுத்தினால் எந்த இன்வெர்ட்டரும் அணையும். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் போய்வந்த வண்டி என்றால் கூலிங் ஃபேனில் செம்மண் அடைத்திருக்கும்.

பின்னால் எப்போதாவது இன்வெர்ட்டரின் விளக்கே எரியாமல் நின்றால்: ப்யூஸின் இரு பக்கமும் மைனஸோடு வைத்து அளங்கள், கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். புது ப்யூஸும் உடனே போனால் உள்ளே மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் பாகம்) ஷார்ட். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததுதான் வழக்கமான காரணம். மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். விலை குறைந்த இன்வெர்ட்டர் என்றால் ரிப்பேருக்குச் செலவழிப்பது வீண்.

இன்னொன்றும் பாருங்கள். லாட்ஜில் நிறுத்தி ஈ.பி. கரண்ட் எடுக்கும்போது அந்த வயரும் இன்வெர்ட்டர் வயரும் வண்டிக்குள் ஒரே லைனில் சேர்கிறதா? இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கிற சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் சேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வருகிற அன்று இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பக்கம் அந்த நொடியே போய்விடும். அப்போது நிஜமாகவே புதிது வாங்க வேண்டியிருக்கும்.