1803க்கு முன்னால் நீதிபதிகள் சும்மாவா இருந்தார்கள்?

கேள்வி: சட்டசபை போட்ட சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை, 1803இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தானாகவே எடுத்துக்கொண்டார், அதற்குமுன் அமெரிக்காவில் எந்த நீதிமன்றத்துக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை என்று வகுப்பில் சொன்னார்கள். சரிதானா?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: துணிச்சல் வரவில்லை என்பது சுத்தத் தப்பு. அந்தத் தீர்ப்பில் மார்ஷல் மாநில நீதிமன்ற வழக்கு ஒன்றைக்கூட மேற்கோள் காட்டவில்லை. அதை வைத்துப் பாடப்புத்தகம் எழுதியவர்கள் அதற்கு முன் ஒன்றுமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வட கரோலினாவின் பேயார்ட் எதிர் சிங்கிள்டன் வழக்கைப் படியுங்கள். சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர்களின் சொத்தை மாநில அரசு பறிமுதல் செய்து விற்றது. பழைய சொந்தக்காரர்கள் வழக்குப் போடத் தொடங்கியதும், 1785இல் சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. சொத்தைப் பறிமுதல் ஆணையரிடமிருந்து வாங்கியதாகப் பிரதிவாதி பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், வழக்கு தள்ளுபடி. சாட்சி, விசாரணை, ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) எதுவும் கிடையாது. நியூ பெர்ன் ஊரில் தந்தை எழுதிக்கொடுத்த சொத்தைக் கேட்டு வந்த எலிசபெத் பேயார்டுக்கு எதிராக, சிங்கிள்டன் தரப்பு இந்தச் சட்டத்தைத்தான் நீட்டியது.

ஆனால் மாநிலத்தின் 1776ஆம் ஆண்டு உரிமைப் பிரகடனம், சொத்து வழக்குகளில் ஜூரி விசாரணை மீறக்கூடாத உரிமை என்று எழுதி வைத்திருந்தது. ஆஷ், ஸ்பென்சர், வில்லியம்ஸ் என்ற மூன்று நீதிபதிகளும் எடுத்தவுடன் வாளை உருவவில்லை. சமரசம் செய்துகொள்ளச் சொன்னார்கள், வாய்தா கொடுத்தார்கள். எதுவும் பலிக்காமல் போக, 1787 மே மாதம் அந்தச் சட்டத்துக்கு உயிரில்லை என்று அறிவித்தார்கள். ஜூரியைப் பறிக்கச் சட்டசபையால் முடியுமென்றால், விசாரணையே இல்லாமல் ஒருவர் உயிரைப் பறிக்கவும், ஆயுள் முழுக்கத் தாங்களே உறுப்பினர்கள் என்று சட்டம் போட்டுக்கொள்ளவும் முடியுமே என்பது அவர்கள் வாதம். பிறகு வழக்கு முறைப்படி ஜூரி முன் போனது, பேயார்ட் தோற்றார்! சட்டம் செத்தும் சொத்து கைக்கு வரவில்லை.

பேயார்டின் வழக்கறிஞர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஐரெடெல். அந்த ஆகஸ்டில் பிலடெல்பியா அரசமைப்பு மாநாட்டில் உட்கார்ந்திருந்த ரிச்சர்ட் டாப்ஸ் ஸ்பைட், நீதிபதிகளுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கொதித்து அவருக்குக் கடிதம் எழுதினார். அரசமைப்பே மூலச் சட்டம், அதற்கு முரணான சட்டத்தை நீதிபதி அமலாக்க முடியாது என்று ஐரெடெல் பதில் போட்டார். மார்ஷல் வாதத்தின் எலும்புக்கூடு 16 ஆண்டுக்கு முன்பே அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஐரெடெல் 1790இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். ஊர் பேர் தெரியாத ஆளில்லை.

அதற்காக, கையேடுகளில் வரும் முன்னோடி வழக்குப் பட்டியலை அப்படியே ஒப்பித்துவிடாதீர்கள். எழுதப்பட்ட அரசமைப்பு இருந்ததா, அதற்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னதா, அந்தக் காரணத்துக்காகவே சட்டத்தை ஒதுக்கியதா என்று மூன்றையும் கேளுங்கள், பாதி உதிர்ந்துவிடும். நியூயார்க்கின் ரட்கர்ஸ் வழக்கில் (1784), சர்வதேசச் சட்டத்தை மீறச் சட்டசபை நினைத்திருக்காது என்று பொருள்கொண்டு நழுவினார்களே தவிர, சட்டத்தை ரத்து செய்யவில்லை. வர்ஜீனியாவின் கேட்டன் வழக்கில் (1782) சட்டசபைக்கும் எல்லை உண்டு என்று நீதிபதி ஜார்ஜ் வைத் முழங்கியதோடு சரி, சட்டம் தப்பித்தது. ரோட் ஐலண்டில் காகிதப் பணம் வாங்க மறுத்த கசாப்புக்கடைக்காரர் ஜான் வீடன் வழக்கு (1786) இன்னும் வேடிக்கை. அப்படி மறுத்தவர்களை ஜூரி இல்லாமலே தண்டிக்கச் சொன்ன சட்டம் செல்லாது என்று அவருடைய வழக்கறிஞர் வார்னம் வாதாடினார். நீதிபதிகளோ இதை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கில்லை என்று மட்டும் சொன்னார்கள். அந்த மாநிலத்துக்கு அப்போது அரசமைப்பே கிடையாது, 1663ஆம் ஆண்டு அரச சாசனம்தான்! அப்படியும் சட்டசபை நீதிபதிகளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி தவிர மற்றவர்களுக்குப் பதவி மறுபடி கிடைக்கவில்லை.

நியூ ஜெர்சியின் ஹோம்ஸ் எதிர் வால்டன் (1780) கொஞ்சம் தேறும். எதிரிப் பகுதியிலிருந்து வந்த சரக்கைப் பறிமுதல் செய்யும் வழக்குகளுக்கு 6 பேர் ஜூரி போதும் என்று 1778இல் சட்டம் போட்டார்கள். அப்படி 6 பேர் ஜூரி வைத்துக் கொடுத்த தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் கவிழ்த்தது. அதன் காரண விளக்கம் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

மார்ஷல் தீர்ப்போடு சண்டை ஓய்ந்தது என்றும் எழுதிவிடாதீர்கள். ஒஹையோவில் 50 டாலர் வரையான வழக்குகளை ஜூரி இல்லாமலே முடிக்க 1805 சட்டம் வழிசெய்தது. 20 டாலருக்கு மேல் போனால் ஜூரி உண்டு என்பது அமெரிக்க அரசமைப்பின் ஏழாவது திருத்தம். அந்தச் சட்டத்தைச் செல்லாது என்ற நீதிபதிகள் ஜார்ஜ் டாட், கால்வின் பீஸ் இருவர்மீதும் பதவிநீக்க விசாரணை வந்து, ஆளுக்கு ஒரே ஓட்டில் தப்பினார்கள். விட்டார்களா? 1810இல் சட்டசபை ஒரு தீர்மானம் போட்டு, நேற்று நியமனமானவர் உட்பட எல்லா நீதிபதிகளுக்கும் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது.