விட்டமின் டி பாட்டில் வாங்கினால் புராஸ்டேட் கேன்சர் வராதா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் விட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். "டி குறைந்தால் புராஸ்டேட் கேன்சர் வரும். இதைச் சாப்பிட்டால் வராது" என்று தெரிந்தவர் ஒருவர் சப்ளிமென்ட் விற்கிறார். மூன்று மாதக் கோர்ஸ் 5,400 ரூபாய். வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை வைத்து அப்பாவை முதலில் ஒரு யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப் பாதை, புராஸ்டேட் டாக்டர்) கூட்டிப் போங்கள்.

டி குறைவாக இருப்பவர்களுக்குக் கேன்சர் அதிகம் என்று சில ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் உடல் பருத்தவர்களுக்கும், நோயால் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் டி எப்படியும் குறைவாகத்தான் இருக்கும். எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. மாத்திரையையே கொடுத்துப் பார்த்தது அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வு. 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் டி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். புராஸ்டேட் உட்பட, புதிதாகக் கேன்சர் வருவது டி சாப்பிட்டவர்களிடம் குறையவில்லை. ரத்தத்தில் டி அதிகம் உள்ள ஆண்களிடம் புராஸ்டேட் கேன்சர் சற்று அதிகமாகத் தெரிந்த ஆய்வுகளும் உண்டு. உடம்பைப் பற்றி அக்கறை எடுத்து டி குறையாமல் பார்த்துக்கொள்பவர்கள் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்த டெஸ்ட்டும் அடிக்கடி எடுப்பார்கள், அதனால் நோய் கண்ணில் படுவதும் கூடும் என்பது ஒரு விளக்கம்.

அதற்காக அந்த 14-ஐ விட்டுவிடாதீர்கள். 20-க்குக் கீழே என்றால் குறைபாடுதான். எலும்புக்காக அதைச் சரி செய்தே ஆக வேண்டும். பெரும்பாலும் டாக்டர்கள் 60,000 யூனிட் டி-யை, பவுடராகவோ மாத்திரையாகவோ, வாரம் ஒரு தடவை, எட்டு வாரத்துக்கு எழுதுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். இங்கேதான் ஒரு பயம். என் பெரியப்பா அந்த வாராந்திர பவுடரைத் தினமும் பாலில் கலக்கிக் குடித்தார். ஒன்றரை மாதத்தில் வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்குக் கொடுப்பதானால் வாரத்தில் ஒரு கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுங்கள்.

ராத்திரி எழுந்திருப்பது புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். பாட்டிலை நம்பி மூன்று மாதம் காத்திருப்பதுதான் எனக்குக் கவலை.

சப்ளிமென்ட் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். திருப்பிப் பாருங்கள். கேன்சரைத் தடுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருட மருந்துகள், மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டமே தடை செய்கிறது. அவர் கொடுத்த நோட்டீஸ், வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் சீலை உடைக்க வேண்டாம். பில்லோடு திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.