மல்லி பூவா, மசாலாவா? கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா கமிஷன் கடை வைத்திருக்கிறார். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு மாணவன். இணையத்தில் வரும் பூ விலைச் செய்திகளைக் கம்ப்யூட்டரே படித்து, எந்தப் பூ என்ன விலை என்று சேர்த்து வைக்க வேண்டும். எல்லாப் பூவின் பெயரையும் நானே எழுதித் தர வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, நாலைந்து பெயர் போதும். செய்திகளில் "மல்லி, பிச்சி, முல்லை உள்ளிட்ட பூக்கள்" என்று எழுதுவார்கள். "உள்ளிட்ட பூக்கள்" என்பதற்கு முன்னால் புதிதாக அரளியோ சம்பங்கியோ வந்தால் அதுவும் பூதான் என்று கம்ப்யூட்டர் ஊகித்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு இந்த வழியை மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற கணினி ஆய்வாளர் 1992-இலேயே எழுதிவிட்டார். ஆனால் அங்கே பெரும்பாலும் 'பூக்கள்' என்ற இனப்பெயர் முதலில் வரும், நமக்குக் கடைசியில். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது.

வில்லங்கம் அடுத்த சுற்றில்தான், கிடைத்த பெயர்களை வைத்துக் கம்ப்யூட்டர் புது அடையாளங்களைத் தேடும்போது. "கிலோ இத்தனை ரூபாய்க்கு விற்பனையானது" என்பதும் பூவின் அடையாளம் என்று அது முடிவு கட்டும். அந்த வழியாகத் தக்காளி உள்ளே வரும். தக்காளியே பூவாகிவிட்டால் ஆட்டுக்கறிக்கு என்ன குறை? அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் 'நெல்' என்றொரு நிரலை ஓடவிட்டது (நம் வயல் நெல் இல்லை, 'நெவர் எண்டிங் லாங்குவேஜ் லேர்னர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). இரவு பகலாக இணையத்தைப் படித்த அது, பிரவுசர் குக்கியை (இணையதளங்கள் நம் கம்ப்யூட்டரில் வைக்கும் சிறு குறிப்பு, ஆங்கிலத்தில் பிஸ்கட்டுக்கும் அதே பெயர்) பேக்கரிப் பண்டம் என்று நினைத்தது. குக்கியை அழிப்பதுபோல ஃபைலையும் அழிக்கிறார்களே, அப்போது ஃபைலும் பேக்கரிப் பண்டம் என்றது.

அவர்கள் கண்ட வைத்தியமே உங்களுக்கும் ஆகும். பூவை மட்டும் தனியாகக் கற்றுத் தராதீர்கள். காய்கறி, பலசரக்கு, அணை எல்லாவற்றையும் கூடவே கற்றுக்கொடுத்து, ஒரே பொருள் இரண்டு இனத்தில் இருக்கக் கூடாது என்று கட்டுங்கள். "முல்லைப் பெரியாறு" அப்போதுதான் பூக்கூடைக்குள் வராது. மல்லி இன்னும் மோசம்: பூக்கடையில் பூ, பலசரக்குக் கடையில் கொத்தமல்லி விதை. மொட்டு, சரம், முழம் பக்கத்தில் இருந்தால் ஒரு பதிவு. தூள், மிளகாய், சீரகம் இருந்தால் வேறு பதிவு. சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. மல்லியை, மல்லிக்கு என்று ஒட்டிவரும் வேற்றுமை உருபுகளை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

மல்லி பூ என்பது நாளைக்கும் உண்மை. விலை அப்படியில்லை, முகூர்த்த நாள் வந்தால் ஒரே காலையில் ஏறிவிடும். தேதியும் மார்க்கெட் பெயரும் இல்லாத விலையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தோவாளை விலை மதுரை விலை ஆகாது. ஒரே செய்தியை ஐந்து தளங்கள் நகலெடுத்துப் போட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான், ஐந்து இல்லை.

இப்போதுள்ள ஏஐ-யிடம் கொடுத்தாலே பிரித்துத் தருமே என்பீர்கள். தரும்தான். சில நேரம் செய்தியில் இல்லாத விலையையும் சேர்த்துத் தரும். அதனால் விலையை எந்த வரியிலிருந்து எடுத்ததோ அந்த வரியையும் கூடவே கேட்டு வாங்கிச் சேமித்து, அந்த வரி செய்தியில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அப்புறம் வாரம் ஒருநாள், ஏலம் முடிந்த பிறகு, அப்பாவிடம் பட்டியலைக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் எது தப்பு என்று சொல்லிவிடுவார்.