ஒரே ஒரு ஓட்டம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஹார்வி ஹாடிக்ஸ் என்ற பேஸ்பால் வீரரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். 1959 மே 26, மில்வாக்கி மைதானம், முடிவு 1-0. 13 இன்னிங்ஸ் ஆடி ஒரே ஓட்டம்! கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு ஒன்றுமே நடக்காத இந்த ஆட்டத்தில் என்ன சுவை என்று பிடிபடவில்லை. அவர் தோற்றும் போனார், சாதனைப் பட்டியலிலும் பெயர் இல்லை. பிறகு எதற்கு இந்தக் கொண்டாட்டம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

மெய்டன் ஓவருக்குக் கைதட்டிய தலைமுறைதானே நாம்? ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் பேஸ் எனப்படும் முனைகளை வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஓட்டம். 9 இன்னிங்ஸிலும் வந்த 27 பேரையும், ஒருவர்கூட முதல் பேஸை எட்டாமல் ஒரு பந்துவீச்சாளர் திருப்பி அனுப்புவதே பெர்ஃபெக்ட் கேம். ஹாடிக்ஸ் அன்று 12 இன்னிங்ஸில் 36 பேரை அப்படி அனுப்பினார், அதுவும் சளிக்காய்ச்சலோடு. எதிரே மில்வாக்கி பிரேவ்ஸ். ஹாங்க் ஆரனும் எடி மாத்யூஸும் அடித்தாடும் அணி. ஆனால் ஹாடிக்ஸின் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஓர் ஓட்டம்கூட எடுத்துத் தரவில்லை. அதனால்தான் ஆட்டம் 9 இன்னிங்ஸோடு முடியாமல் நீண்டது. எதிரணிப் பந்துவீச்சாளர் லூ பர்டெட்டும் 13 இன்னிங்ஸையும் தானே வீசினார். 12 ஹிட் (அடித்தவரைப் பேஸ் ஏற்றும் அடி) கொடுத்தார், ஓட்டம் கொடுக்கவில்லை. உண்மையில் எனக்கு வியப்பு அவர்மேல்தான். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் பைரேட்ஸ் மூன்று ஹிட் அடித்தது. அதில் ஒன்று ஹாடிக்ஸே அடித்தது. அந்த அடியில் முதல் பேஸில் இருந்தவர் ஆசைப்பட்டு மூன்றாவது பேஸ்வரை ஓடி அவுட் ஆனார். அவர் இரண்டாவதிலேயே நின்றிருந்தால் அடுத்த ஹிட்டில் ஓட்டம் வந்திருக்கலாம், நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

13ஆவது இன்னிங்ஸில் பைரேட்ஸின் டான் ஹோக் முதல் பேஸுக்கு எறிந்த பந்து தவறியது. பிரேவ்ஸின் ஃபீலிக்ஸ் மன்டீயா பேஸ் ஏறினார். மாத்யூஸ் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆகி அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஆரனை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அடுத்து வந்த ஜோ ஆட்காக் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. மன்டீயா வந்து சேர்ந்ததோடு ஆட்டம் முடிந்தது என்று நினைத்த ஆரன், பாதியிலேயே ஓடுபாதையை விட்டு விலகிவிட்டார். பின்னால் ஓடிவந்த ஆட்காக் அவரைத் தாண்டிப் போனார். விதிப்படி ஆட்காக் அவுட். ஹோம் ரன் வெறும் இரண்டு பேஸ் அடியாகச் சுருங்கி, கடைசியில் லீக் தலைவர் 1-0 என்று தீர்ப்பளித்தார். வேலி தாண்டிய பந்துக்கு ஒரே ஓட்டம்! ஒன்றும் நடக்கவில்லையாம்.

பட்டியலுக்கு வருகிறேன். பட்டியலில் இடம்பெற, ஆட்டம் முடியும்வரை ஒரு ஹிட்டும் கொடுத்திருக்கக் கூடாது என்று 1991இல் ஒரு குழு வரையறுத்தது. ஹாடிக்ஸ் பெயர் போயிற்று. விதி சரிதான், எனக்கு வருத்தமில்லை. 12 இன்னிங்ஸ் யாரையும் பேஸ் ஏற விடாதவர் என்பதைச் சொல்லப் பட்டியல் எதற்கு?

உங்களுக்கு ஓட்டங்கள்தான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர், 1960. அதன் ஏழாவது, கடைசி ஆட்டம்: பைரேட்ஸ் 10, யாங்கீஸ் 9. ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்துவீச வந்தவர் ஹாடிக்ஸ். அவர் கையில் பந்து இருந்தபோதுதான் யாங்கீஸ் 9-9 என்று சமன் செய்தது. அடுத்த பாதியில் பைரேட்ஸின் பில் மசராஸ்கி ஹோம் ரன் அடித்துவிட்டார். அந்த வெற்றி ஹாடிக்ஸ் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.