பதில்: நம்பிக்கை இல்லை, குண்டம் இறங்கலாமா?

தம்பி, கடவுளை நம்ப முடியவில்லை, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் வரவில்லை, அம்மாவோ பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்கச் (தீ மிதிக்கச்) சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நம்பிக்கை இல்லை என்றாலே அது நாத்திகத்தில் ஒரு வகைதான். எதையும் நிரூபிக்கும் கடமை உங்களுக்குக் கிடையாது. ஈரோட்டில் 1879-இல் பிறந்த பெரியார் கடவுளே இல்லை என்று ஓங்கி மறுத்தார். கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்று நிற்பது இன்னொரு நிலை. 1869-இல் அதற்கு 'அக்னாஸ்டிக்' என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. அப்புறம், நம்ம விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இருக்கிறதே, அந்தச் சமண மதத்தில் உலகைப் படைத்த கடவுளே கிடையாது. ஆனாலும் கோயில் உண்டு, வழிபாடு உண்டு.

சரி, குண்டம் விஷயம். மனசு ஒப்பாமல் தணலில் கால் வைக்காதீர்கள். "எனக்கு நம்பிக்கை வரலீங்கம்மா" என்று வீட்டிலேயே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், வரிசையில் கூடவே நில்லுங்கள்.