வைராக்கியம், வேட்கை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருக்கும் என் அண்ணன் எட்டு மாதம் குடிக்காமல் இருந்தார். போன சனிக்கிழமை சம்பளம் வாங்கித் திரும்பும் வழியில் மறுபடியும் குடித்துவிட்டார். "குடித்தபோது சந்தோஷமே இல்லை, ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை" என்கிறார். வைராக்கியம் இல்லாதவன் என்று வீட்டில் வைகிறார்கள். மூளையில் சுரக்கும் பெப்டைடுகள்தான் காரணம் என்று படித்தேன். உண்மையா?

ஒரு வாசகி, அவிநாசி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். ஒன்றை அனுபவித்து மகிழ்வதும் அதை நாடி ஓடுவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள். மகிழ்ச்சி வற்றிய பிறகும் நாட்டம் மட்டும் வலுவாக நிற்கலாம். அந்த நாட்டத்தில், நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. நாட்டத்தை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் நீங்கள் படித்த பெப்டைடுகளுக்கு, அதாவது நியூரோபெப்டைடுகளுக்கு, பங்கு உண்டு. இவை அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள். நரம்புச் செல் விடாமல் வேகமாகத் துடிக்கும்போதே பெரும்பாலும் வெளிவருகின்றன. வெளிவந்தவை செல்லுக்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் நொதிகளால் மெல்லச் சிதைவதால், மடையை அடைத்த பிறகும் வயலில் ஈரம் நிற்பதுபோல அவற்றின் பாதிப்பு நீடிக்கிறது.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது ஓரெக்சின் என்ற பெப்டைடு. 1998இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்ததால் இதற்கு ஹைப்போகிரெட்டின் என்ற இன்னொரு பெயரும் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் சில பத்தாயிரம் செல்களே இதைச் சுரக்கின்றன என்றாலும், விழிப்பு, பசி, தேடல் மூன்றிலும் அவற்றின் கை இருக்கிறது. மதுவுக்குப் பழக்கி நிறுத்தப்பட்ட எலிகள், முன்பு மதுவோடு சேர்ந்து வந்த மணத்தை மட்டும் உணர்ந்தாலே மீண்டும் மது தரும் நெம்புகோலை அழுத்தத் தொடங்கும். செல்லில் ஓரெக்சின் வந்து பற்றும் இடமான ஏற்பியை மருந்தால் அடைத்தால் அந்தத் தேடல் வெகுவாகக் குறைகிறது. சனிக்கிழமை மாலையும், கையில் இருக்கும் சம்பளக் கவரும், வழக்கமான அந்தத் தெருவும் உங்கள் அண்ணனுக்கு அந்த மணத்தைப் போன்றவையே. எட்டு மாதத்தில் அந்தப் பதிவு அழிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

எதிர்ப்பக்கத்தில் டைனார்ஃபின் என்ற இன்னொரு பெப்டைடு இருக்கிறது. நீண்டநாள் குடியால் இது மிகும்போது டோபமைன் தாழ்ந்து, எதிலும் பிடிப்பில்லாத மந்தம் படர்கிறது. அதிலிருந்து தப்பவே பலர் மறுபடியும் குடிக்கிறார்கள்.

இந்த அறிவில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது என்பதையும், எந்த ஒரு பெப்டைடும் தனியாக மனிதனைக் கடைக்கு இழுத்துச் செல்வதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் இன்ப உணர்வோடு தொடர்புள்ள எண்டார்ஃபின்கள் என்ற மூளைப் பெப்டைடுகள் பற்றும் ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்து, மதுப்பழக்கத்துக்கென 1994இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, இன்று நம் நாட்டிலும் கிடைக்கிறது. அது அவருக்குப் பொருந்துமா என்பதை, கல்லீரலைப் பரிசோதித்துவிட்டு மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்ல முடியுமா, சனிக்கிழமை மாலைகளில் வீட்டிலிருந்து ஒருவர் கம்பெனி வாசலுக்கே சென்று அவரை வேறு வழியாக அழைத்துவர முடியுமா என்று பாருங்கள்.